காயலான் கடைக்குக் கதிர்வீச்சு மீட்டர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தில்லியில் கதிர்வீச்சு என்று பேச்செடுத்தாலே கைபேசிக் கோபுரத்தில்தான் போய் நிற்கிறோம். ஆனால் இந்த ஊரில் உயிரைக் குடித்த கதிர்வீச்சு காயலான் கடை வழியாக வந்தது. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை, 1985-லிருந்து சும்மா கிடந்த காமா கதிர் வீசும் ஓர் ஆய்வுக் கருவியை 2010 பிப்ரவரியில் பழைய சாமானாக ஏலம் விட்டது. தில்லியின் பழைய இரும்புச் சந்தையான மாயாபுரியில் அதன் ஈயக் கவசத்தை உடைத்தார்கள். உள்ளிருந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் வெளியே வந்தது. அதன் அரை ஆயுள் (வீரியம் பாதியாகக் குறையும் காலம்) 5.27 ஆண்டு. அதாவது 25 ஆண்டில் வீரியம் ஏறத்தாழ இருபத்தேழில் ஒரு பங்காகியிருக்கும். அந்த மிச்சமே ஒருவரைக் கொன்றது, மேலும் ஏழு பேரைப் படுக்கையில் தள்ளியது. ஒருவர் அதில் ஒரு துண்டைப் பர்ஸில் போட்டுப் பின்பாக்கெட்டில் வைத்திருந்தார். அந்த இடத்துச் சதையே வெந்துபோனது.

கருவிக்கு உரிமம் தருவது மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அவர்களால் ஒவ்வொரு கிடங்குக்கும் வந்து நிற்க முடியாது. கிடங்குக்கு உரிமம் தருவதோ, 1957-ஆம் ஆண்டு தில்லி மாநகராட்சிச் சட்டத்தின் 417-ஆம் பிரிவின்கீழ், மாநகராட்சி. அந்த உரிமத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்: கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரும் அதைப் பார்க்கத் தெரிந்த ஓர் ஆளும் இல்லாமல் சரக்கை இறக்கக் கூடாது.

முதலில் சரக்கில்லாத இடத்தில் இயற்கை அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பொதுவாக மணிக்கு 0.1, 0.2 மைக்ரோசீவர்ட் (கதிர்வீச்சு அளவின் அலகு) காட்டும். பிறகு லாரியின் நான்கு பக்கமும் மெதுவாக, ஓர் சாண் தள்ளி நகர்த்திப் பார்க்க வேண்டும். இயற்கை அளவைப்போல மூன்று மடங்கு காட்டினாலே வண்டியை ஓரங்கட்டலாம். ஆனால் வாசலில் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நடுவில் புதைந்த பொருளைச் சுற்றியுள்ள இரும்பே மறைத்துவிடும். தடித்த ஈயப் பெட்டிக்குள் இருந்தால் மீட்டர் அசையாமலே போகலாம். அதனால் இறக்கும்போது மறுபடி பார்க்க வேண்டும். அளவுக்கு மீறிக் கனக்கிற உருளையோ பெட்டியோ வந்தால் வெட்டவே கூடாது. இன்னொன்று: கதிர்வீச்சு மிகக் கடுமையாக இருந்தால் கைகர் மீட்டர் என்ற வகை சர்வே மீட்டர்களில் சில திணறிப்போய்ப் பூஜ்யம் காட்டும். ஏறிய முள் சட்டென்று விழுந்தால் ஆபத்து நீங்கியது என்று எண்ணிவிடக் கூடாது. உடனே பின்வாங்க வேண்டும்.

பழைய எக்ஸ்ரே கருவியைக் கண்டு பதற வேண்டாம். மின்சாரம் இல்லாவிட்டால் அதில் எக்ஸ்ரே கிடையாது. கோபால்ட், சீசியம், இரிடியம் போன்ற கதிரியக்கப் பொருள்கள் இருந்த கருவிகள்தான் ஆபத்து.

மீட்டர் அலறினால் எதையும் தொடாமல், கழுவாமல் சுற்றிலும் 30 மீட்டர் தூரத்துக்கு அடைத்துவிட்டு 112-ஐ அழைக்க வேண்டும். ஒரு மீட்டரில் இருப்பது பத்து மீட்டரில் நூறில் ஒரு பங்குதான். விலகி நிற்பதே முதல் காப்பு. அங்கிருந்தவர்களின் பெயரையும் எழுதி வைக்க வேண்டும். வாந்தி சில மணி நேரத்திலேயே வரலாம்; தோல் கறுத்தல், முடி உதிர்தல் எல்லாம் பல நாள் கழித்துக்கூட வரும். கதிர்வீச்சுதான் காரணம் என்று மருத்துவருக்குத் தோன்றாமலே போகலாம்.

மூன்று இதழ் கதிர்வீச்சுச் சின்னத்தைப் பெரிதாக வரைந்து, கீழே இந்தியில் விளக்கம் எழுதி, ஒவ்வொரு கிடங்குச் சுவரிலும் மாட்டுவதற்கு மாநகராட்சிக்குப் பெரிய செலவாகாது. கேஸ் கட்டரைக் கையில் பிடிப்பவர் கண்ணில் அது பட வேண்டும்.

– ஒரு வாசகர், ஜனக்புரி, புதுதில்லி