அரிட்டாபட்டிப் படங்கள் பற்றி மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

தல்லாகுளம், மதுரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம்தானே? தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமா? அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. இந்த வருஷம் எதிர்சேவையை மாடியில் நின்று பார்க்க மாட்டேன், தெருவில் இறங்கியே தீருவேன் என்கிறாள்.

உன் இணையப் பக்கத்தில் இருந்த அரிட்டாபட்டிப் படத்தையும் கட்டுரையையும் ஒரு டிராவல்ஸ்காரர்கள் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வந்த அன்றைக்கே அவர்களின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, நீ எடுத்த குடைவரைப் படம்தான். கீழே உன் பெயரை வெட்டியிருக்கிறார்கள். ஆனால் கடைசி எழுத்தின் சுழி மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கட்டுரையும் அப்படித்தான். சமணத் துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டிய ‘சமணர் படுகை’ என்பது உன் பக்கத்தில் ஓரிடத்தில் ‘சமணர் படுககை’ என்று விழுந்திருக்கிறதல்லவா, அந்தப் பிழைகூட அங்கே அப்படியே இருக்கிறது. ஒரு தடவை படித்துக்கூடப் பார்க்காமல் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். எனக்கே வயிறு எரிந்தது, உனக்கு எப்படி இருந்திருக்கும்!

ரைட் கிளிக்கைப் பூட்டவா, இல்லை சைட்டையே மூடிவிடவா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம். ஒரு படம் திரையில் தெரிகிறது என்றாலே அது பார்க்கிறவருடைய போனுக்குள் வந்து இறங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். அதற்கப்புறம் பூட்டி என்ன செய்ய? ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். அந்தப் பூட்டு தடுப்பதெல்லாம் புராஜெக்ட்டுக்கு இரண்டு வரி எடுத்துக்கொள்ள வருகிற மேலூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளையைத்தான். கட்டுரையையே படமாக்கிப் போடுவது அதைவிட மோசம். தேடலில் சரியாக அகப்படாது. கண் தெரியாதவர்கள் திரைவாசிப்பானில் கேட்கவும் முடியாது.

எடுக்கிறவன் எடுக்கத்தான் செய்வான். அது உன்னுடையது என்று காட்ட உன் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். முதலில், முழு அளவுப் படத்தை ஏற்றுவதை நிறுத்து. நீளப் பக்கம் 1200 பிக்சல் போதும். திரையில் பளிச்சென்று தெரியும். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தால் 4 அங்குலம்தான் வரும், பேனர் அடிக்க உதவாது. கேமராவிலிருந்து வந்த ரா ஃபைல், அதாவது மாற்றம் எதுவும் செய்யாத மூலக் கோப்பு, உன்னிடம் மட்டும்தான் இருக்கும். அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வை. கட்டுரை வெளியிட்ட அன்றைக்கே அந்தப் பக்கத்தை இணையப் பக்கங்களின் நகல்களைச் சேர்த்து வைக்கும் வேபேக் மெஷினில் சேமித்துவிடு, தேதியோடு பதிவாகிவிடும். கட்டுரையின் ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் நகல்கள் அகப்படும். படத்தின் நகலைத் தேட கூகுள் லென்ஸ்.

பெயரை ஓரத்தில் போடாதே, சுலபமாக வெட்டிவிடுகிறார்கள். பாறையின் சொரசொரப்புக்கு மேலேயே மங்கலாக ஓட விடு. படக் கோப்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் ஐபிடிசி என்ற விவரக் குறிப்பிலும் பெயரை எழுது, ஆனால் அதை மட்டும் நம்பாதே. வாட்ஸ்அப்பில் ஒரு சுற்று போய் வந்தாலே அது உதிர்ந்துவிடும்.

அப்புறம், நீ கேட்காத ஒன்று. நீ போட்டிருக்கும் லகர் வல்லூறு என்ற வேட்டைப் பறவையின் கூட்டுப் படத்தை இறக்கிப் பார்த்தேன். எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் எண்கள் உள்ளேயே இருக்கின்றன. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கப்பட்ட இடம் அரிட்டாபட்டி. குஞ்சு பிடிக்கிறவனுக்கு நாமே வழி சொல்லக் கூடாது. எதைச் செய்யாவிட்டாலும் அந்த எண்களை இன்றைக்கே அழித்துவிடு.

பதிப்புரிமையைப் பதிவு செய்யவில்லையே, அவர்களைக் கேட்க முடியுமா என்று தயங்கியிருக்கிறாய். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. எழுதிய நிமிஷமே, எடுத்த நிமிஷமே உரிமை உனக்கு. படத்துக்கும் எழுத்துக்கும் உன் காலம் முழுக்க, அதற்குப் பிறகும் 60 ஆண்டு. தெரிந்தே பெயரை நீக்குவது 2012 திருத்தத்தில் வந்த 65பி பிரிவின்படி தனிக் குற்றம், 2 ஆண்டு வரை சிறை. அந்தச் சுழி தெரிகிற படத்தை முகவரியும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. முதலில் டிராவல்ஸ்காரர்களுக்கே மரியாதையாக ஒரு மெயில் போடுவோம். மசியவில்லை என்றால் அவர்கள் பக்கத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 36 மணி நேரத்துக்குள் அவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது விதி. அப்படி எடுத்தாலும் 21 நாளைக்குள் நீ கோர்ட் உத்தரவு காட்டாவிட்டால் அவர்கள் அதைத் திரும்பப் போட்டுவிடலாம். வழக்கு என்றே வந்தாலும் அலைய வேண்டியதில்லை, நீ குடியிருக்கும் மாவட்டத்திலேயே போட 62ஆம் பிரிவு இடம் தருகிறது.

ஒன்றில் மட்டும் உன்னோடு எனக்கு உடன்பாடில்லை. அரிட்டாபட்டியில் சிவனின் வடிவமாகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பம் இருப்பதை இன்னொருவர் தன் நடையில் எழுதியதையும் திருட்டுப் பட்டியலில் சேர்த்திருக்கிறாய். அவர் உன் வரிகளைத் தொடவே இல்லை. அந்தச் செய்தி யாருக்கும் தனிச் சொத்து கிடையாது. அவரை விட்டுவிடு, முடிந்தால் நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்.

ஞாயிற்றுக்கிழமை ஹார்ட் டிஸ்க்கோடு கிளம்பி வா, மெயிலை உட்கார்ந்து எழுதிவிடலாம். மாட்டுத்தாவணியில் இறங்கியதும் போன் பண்ணு, வண்டியோடு வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்