பேச்சை வைத்து ஆளை எடை போடலாமா, மாப்ள?

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு ஜில்லா

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்குக் கோயம்புத்தூரிலேயே காலேஜில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம், அம்மா அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டாள். நாங்கள் சௌக்கியம். தென்னையில்தான் வெள்ளை ஈ இந்த வருஷமும் விடவில்லை, ஓலையின் அடிப்பக்கம் மாவு பூசின மாதிரி, மேல்பக்கம் கரி பிடித்த மாதிரி. மருந்து அடிக்க வேண்டாம், அதைத் தின்னும் பூச்சி தானாக வரும் என்கிறார்கள், பொறுத்துப் பார்க்கிறேன். உன் மச்சினன் வீட்டு விஷயம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

இப்போது நீ எழுதியிருந்த அந்த விஷயத்துக்கு வருகிறேன். "நாலு வாக்கியம் கோவையாகப் பேசத் தெரியாத ஆளுக்கு ஆளத் தெரியுமா, வாயைத் திறந்தாலே மூளை எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறதே" என்று எழுதியிருக்கிறாய். அவர் பேச்சு நாலாங்கிளாஸ் அளவுதான் என்று யாரோ கணக்குப் போட்டதையும் சேர்த்திருக்கிறாய். யாரைச் சொல்கிறாய் என்று புரிகிறது. அவரைத் தாங்கிப் பேச நான் வரவில்லை, அவருக்கு ஓட்டுப் போடவும் மாட்டேன். ஆனால் நீ கையில் வைத்திருக்கும் அளவுகோல் தப்பு, மாப்ள, அது உன்னையும் என்னையும் நம் ஊர்க்காரர்களையும் சேர்த்து அடிக்கிற அளவுகோல்.

நம் வாய்க்காலில் வரும் தண்ணீரையே எடுத்துக்கொள். தமிழ்நாடும் கேரளமும் பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது 1970 மே 29இல். ஆனால் 1958 நவம்பர் 9 முதலே அது நடப்பில் இருப்பதாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த 1958இல் சென்னையில் முதலமைச்சர் காமராஜர், திருவனந்தபுரத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு. காமராஜர் பன்னிரண்டு வயது வாக்கில் பள்ளிக்கூடத்தை விட்டவர், ஜனங்கள் சொல்வதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுபவர். இன்னொருவருக்குத் திக்குவாய். "எப்போதுமே திக்குவீர்களா" என்று கேட்டவரிடம் "இல்லை, பேசும்போது மட்டும்தான்" என்று ஈ.எம்.எஸ். சொன்னதாகக் கேரளத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நம் ஜில்லா பட்டாம்பியில் 1960இல் நின்று ஜெயித்தவர் அவர். திக்கித் திக்கிப் பேசினவர் எழுதி வைத்துவிட்டுப் போனதை எல்லாம் அடுக்கினால் ஒரு அலமாரி போதாது. காமராஜரோ, 1964இல் நேரு போன பிறகு கட்சித் தலைவராக இருந்து, எம்.பி.க்களையும் மாநிலத் தலைவர்களையும் கேட்டுக் கேட்டு, சண்டை இல்லாமல் சாஸ்திரியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். எத்தனை பேருடைய மனக்கணக்கைத் தலைக்குள் வைத்திருந்தால் அது நடக்கும்! அந்தக் கணக்கில் ஒரு வரிகூட மேடையில் கேட்டிருக்காது.

நமக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் யோசித்தேன். திராவிட இயக்கம் மேடையில் வளர்ந்த இயக்கம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை, பத்திரிகை போகாத ஊருக்கும் அரசியலைக் கொண்டுபோனது அந்த மேடைகள்தான். ஆனால் அடுக்குமொழி வந்தால் அறிவு வந்துவிட்டது என்று நம் காது பழகிப்போனது. அண்ணாவிடம் இரண்டும் இருந்தது, 1962இல் மாநிலங்களவையில் ஆங்கிலத்தில் எழுந்து பேசியபோது எதிர்க்கருத்துக்காரர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் எத்தனை பேர் ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது உனக்கே தெரியும். அதே இயக்கத்தின் பெரியவர் பெரியார் அடுக்குமொழி பேசினாரா? திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, ஈரோட்டுப் பேச்சில், நீங்களே யோசித்துப் பாருங்கள் என்று மணிக்கணக்காகப் பேசினார். 1924இல் வைக்கத்துக்குப் போய் ஜெயிலுக்குப் போனதும் அந்தப் பேச்சோடுதான்.

வி.எஸ். அச்சுதானந்தனை மிமிக்ரி செய்யாத கலைஞன் கேரளத்தில் உண்டா? ஒரு சொல்லை இழுத்து, நிறுத்தி, அதையே திரும்பச் சொல்லி, தலையை ஆட்டி ஆட்டி. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், தையல் கடையிலும் கயிறு ஃபேக்டரியிலும் வேலை பார்த்தவர், 2001 முதல் இருபது வருஷம் நம் மலம்புழைக்கு எம்.எல்.ஏ., நடுவில் ஐந்து வருஷம் முதலமைச்சர். போன வருஷம் பஸ்ஸில் ஒருத்தன் அவரைப் போலப் பேசிக் காட்டினபோது நானும் பார்த்தேன், எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் அந்தச் சிரிப்பில் இந்த ஆள் முட்டாள் என்ற எண்ணம் யாருக்கும் இல்லை. மலையாளிகளிடம் எனக்குப் பிடித்த குணம் இது.

பிலாச்சிமடை மயிலம்மாவை நினைத்துப் பார், இங்கிருந்து எவ்வளவு தூரம்? பள்ளிக்கூடம் போகாத இரவாளர் பழங்குடிப் பெண். கோக்கோகோலா கம்பெனி 2000இல் வந்தது. கிணற்றுத் தண்ணீர் மாறிப்போனதை, அதில் வடித்த சோறு கெட்டுப்போவதை, அங்கே இருந்த பெண்கள் கவனித்தார்கள். முன்பு எப்படி இருந்தது, கம்பெனி வந்த பிறகு எப்படி இருக்கிறது, நடுவில் மாறினது என்ன? ஆராய்ச்சி என்பதே இதுதானே, மாப்ள. 2002 ஏப்ரலில் மயிலம்மா முன்நின்ற போராட்டம், 2004 மார்ச்சில் கம்பெனி மூடல். 2010இல் அரசு போட்ட கமிட்டி நஷ்டத்தை 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்குப் போட்டது. மயிலம்மா 2007லேயே போய்விட்டார். மேடைப் பேச்சை வைத்து மார்க் போட்டிருந்தால் அவருக்கு எத்தனை போட்டிருப்பாய்?

இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. அம்மாவை நிலக் காகிதத்துக்காக ஒரு அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். அவள் மலையாளம் உனக்குத் தெரியுமே, வினைச்சொல் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடியும். அந்தக் கிளார்க் ஒவ்வொரு சொல்லையும் சத்தமாக, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, "படித்த ஆள் யாரும் கூட வரவில்லையா" என்று என்னைப் பார்த்தார். நாலு எல்லையும், எந்த வரப்பு எந்த வெள்ளத்தில் உடைந்து எங்கே திரும்பப் போடப்பட்டது என்பதும் அவளுக்கு மனப்பாடம். அவர் வைத்திருந்த வரைபடத்தில் வண்டிப்பாதை தப்பாக இருந்ததையும் அவள்தான் விரலை வைத்துக் காட்டினாள். எல்லையில் இருக்கிற நாம் எல்லோரும் எங்கேயோ ஓரிடத்தில் இரண்டாந்தரப் பேச்சுக்காரர்கள்தான், இங்கே வந்தால் பாண்டி, அந்தப் பக்கம் போனால் மலையாளத்தான். நமக்கு நடக்கிற அதே அநியாயத்தை நாம் இன்னொருவருக்குச் செய்யலாமா?

சரளத்தைப் பற்றி ஒரு சோதனை படித்தேன். 1970இல் அமெரிக்காவில் ஒரு நடிகருக்கு "டாக்டர் ஃபாக்ஸ்" என்று பேர் வைத்து, கணிதத்தை மனித நடத்தைக்குப் பொருத்துவதில் நிபுணர் என்று அறிமுகம் செய்து, மனநல மருத்துவர்கள், உளவியல்காரர்கள் முன்னால் பேச விட்டார்கள். பேச்சில் சரக்கே இல்லை, முன்னுக்குப் பின் முரண், அங்கங்கே இல்லாத வார்த்தைகள். ஆனால் ஆள் கம்பீரமாக, சிரித்துச் சிரித்து, கேள்விகளுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னார். கேட்டவர்களில் பெரும்பாலானோர் நல்ல மார்க் போட்டார்கள், ஒருவர் இவர் கட்டுரைகளை முன்பே படித்திருக்கிறேன் என்றுகூடச் சொன்னார்! படித்தவர்கள் காதே இப்படி ஏமாறுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஐசன்ஹோவர் பேட்டிகளில் அவர் வாக்கியங்கள் தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் சம்பந்தம் இருக்காது என்று அந்தக் காலப் பத்திரிகைக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் படை இறக்கின தளபதி அவர். 1955இல் தைவான் வசம் இருந்த, சீனக் கரையோரத் தீவுகளைப் பற்றிக் கேட்டால் என்ன செய்வது என்று அவருடைய செய்திச் செயலாளர் பயந்தபோது, கவலைப்படாதே, அப்படிக் கேட்டால் குழப்பிவிட்டுவிடுகிறேன் என்றாராம். உள்ளே அவர் எழுதின குறிப்புகள் தெளிவாக இருக்கும்.

நீ சொன்ன அந்த "நாலாங்கிளாஸ் அளவுப் பேச்சு" கணக்கையும் தேடிப் பார்த்தேன். வாக்கியத்தில் எத்தனை சொல், சொல்லில் எத்தனை அசை என்று எண்ணிப் போடும் சூத்திரம் அது. இப்போது வகுப்பு எண்ணாகச் சொல்கிறார்களே, அந்த வடிவத்தை 1975இல் அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்தார்கள், கையேடுகள் சிப்பாய்களுக்குப் புரியுமா என்று பார்க்க. எளிதாகப் புரிகிறது என்பதற்கான எண்ணை எடுத்து, பேசினவனுக்கு மூளை கம்மி என்பதற்குச் சாட்சியாக்கினால் என்ன நியாயம்? அதன்படி பார்த்தால் வகுப்பில் நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீட்டி முழக்காமல் சொல்லிக் கொடுப்பதும் குற்றம்தான்.

சரி, பேச்சிலிருந்து ஒன்றுமே தெரியாதா என்று கேட்பாய். தெரியும். ஆளை அவனுடைய பழைய பேச்சோடு வைத்துப் பார்த்தால் தெரியும். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரீகனுடைய பேட்டிகளை அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து 2015இல் எழுதினார்கள், வருஷம் போகப்போக வேறு வேறு சொற்கள் குறைந்து, பொத்தாம் பொதுவான சொற்கள் கூடியிருந்தன. அவருக்கு அல்சைமர் என்று அறிவித்தது 1994இல், பதவியை விட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் கழித்து. அதே ரீகனை இன்னொருவரோடு ஒப்பிட்டு அழகாகப் பேசுகிறார், பேசவில்லை என்று சொல்வதால் இதில் எதுவும் தெரிந்திருக்காது.

இன்னொன்று, கேள்வி. போன மாதம் இங்கே பாசனக் கூட்டம் நடந்தது. கட்சித் தலைவர் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார், மலையாளம் அருவி மாதிரி, மணக்கடவு அணைக்கட்டில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி நம் உரிமை, ஒரு சொட்டு விட மாட்டோம், கைதட்டல். அப்புறம் கடைமடையிலிருந்து ஒரு பெரியவர், முன்பு வார்டு மெம்பராக இருந்தவர், எழுந்தார். துண்டை எடுத்து மடித்துக்கொண்டே பேசினார், பாதி தமிழ், பாதி மலையாளம், நடுவில் சொல் கிடைக்காமல் நின்று நின்று. "அது வருஷக் கணக்கு... சரி. அதுல மழைக்காலத்துல சும்மா ஆத்தோட போனது எவ்வளவு?" கொஞ்சம் நின்றார். "தையில கதிர் பால் பிடிக்கும்போது, அந்தப் பதினஞ்சு நாளைக்கு எவ்வளவு?" பின்னால் யாரோ உட்காருங்க என்றார்கள். அவர் உட்காரவில்லை. "மூலத்தறையில திறந்தா எங்க மடைக்கு வர எத்தனை நாள்... அந்த நாளையும் முறையில சேர்த்தாச்சா?"

தலைவர் பதிலுக்கு மறுபடியும் ஒப்பந்த வரலாற்றைத் தொடங்கினார். அதிகாரி மட்டும் நோட்டைத் திருப்பிப் பார்த்து, முறை நாளில் தண்ணீர் நடந்துவரும் நேரம் சேர்க்கப்படவில்லை என்று ஒப்புக்கொண்டார். இந்த வாரம் கடைமடைக்கு இரண்டு நாள் கூட்டித் தந்திருக்கிறார்கள், எங்கள் வயலுக்கும் அதில்தான் தண்ணீர் வந்தது.

அதனால்தான் கேட்கிறேன். உன் ஆளுடைய மேடைப் பேச்சு வீடியோவை எனக்கு அனுப்பாதே. எதிர்பாராத கேள்வி ஒன்றை யாராவது அவரிடம் கேட்ட இடம் இருந்தால் அனுப்பு, ஒரு விவசாயியோ நர்ஸோ கேட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. கேட்டதற்குப் பதில் சொன்னாரா, தெரியாது என்று சொல்ல முடிந்ததா, திருப்பி அவர் என்ன கேட்டார் என்று பார்ப்போம். அதில் அவர் தேறவில்லை என்றால் நானும் உன் பக்கம்தான். நீ தலையில் தூக்கி வைத்து ஆடுகிறாயே, அந்த இன்னொரு பேச்சாளர், அவருடையதையும் அதே மாதிரி ஒன்று அனுப்பு.

அம்மா உன்னை விசாரித்தாள். பாப்பா காலேஜ் சேரும் முன் ஒரு தடவை எல்லோரும் வந்துவிட்டுப் போங்கள், வேலந்தாவளம் வழியாக வந்தால் பஸ் சீக்கிரம் கிடைக்கும்.

அன்புடன்,
உன் மச்சான்