கப்பல் செலவு கடனல்ல

கோலசிலாங்கூர், மலாய் நாடு,
விபவ வருஷம் ஆடி மாதம், 1928.

மாமா அவர்களுக்கு மருமகன் எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லோரும் சேமம். அவ்விடம் அத்தை, பிள்ளைகள் சேமத்துக்கு எழுதவும்.

கீழத்தெருவிலிருந்து நாலு குடும்பம், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு இங்கே புறப்படுகிறது என்றும், கப்பல் செலவுக்கென்று அவன் தலைக்கு ஒரு தொகை போட்டுக் கடன் நோட்டு எழுதித் தரச் சொல்கிறான் என்றும் எழுதியிருந்தீர்கள். ஒருவரும் கைநாட்டு வைக்க வேண்டாம். அந்தச் செலவு அவன் மடியிலிருந்து போவதல்ல. வருகிறவனும் அதை யாருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அவர்களுக்குத் தைரியம் வரும். முன்காலத்தில் ஆளைக் கொண்டுவரச் செலவழித்தது ஒரு தோட்டம், இரண்டு காசு கூடக் காட்டி அவனை இழுத்துக்கொண்டது இன்னொரு தோட்டம். செலவழித்தவன் தன் நஷ்டத்துக்குப் பயந்து அதைக் கூலிக்காரன் பேரில் கடனாக எழுதிப் பூட்டினான். 1907-ல் இதற்கென்று ஒரு பொது நிதி ஏற்படுத்தினார்கள். நம் பக்கத்து ஆட்களை வைத்து வேலை வாங்குகிற எல்லோரும், தாங்கள் ஆள் வரவழைத்தாலும் வரவழைக்காவிட்டாலும், அதற்குக் கட்டியே தீரவேண்டும். ரயில்வேக்கும் மராமத்து இலாகாவுக்கும்கூட விலக்கில்லை. கட்டுவது ஆள் தலைக்கு அல்ல, வேலை நாளுக்கு. ஒரு ஆள் ஒரு நாள் வேலை செய்தால் செக்ரோல் என்கிற வருகைப் புத்தகத்தில் ஒரு பேர் விழும். மூன்று மாதத்தில் அப்படி விழுந்த பேரையெல்லாம் கூட்டித் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி கணக்கு அனுப்ப, அதன்மேல் துரை பணம் கட்டுகிறார். ஆகவே இங்கிருந்து அங்கே ஓடினாலும், ஓடிப்போன இடத்துத் துரையும் தன் பங்கைக் கட்டிக்கொண்டுதான் இருப்பார்.

இந்த நிதியை நடத்துவது ஒரு கமிட்டி. லேபர் கண்ட்ரோலர் தலைவர். சர்க்கார் உத்தியோகஸ்தரும் தோட்டத் துரைமாரும் அங்கத்தினர். கூலிக்காரர் சார்பில் ஒருவரும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து, கப்பலேறுமுன் தங்கவைக்கும் டிப்போவுக்கு ரயில், டிப்போவில் சாப்பாடு, கப்பல் டிக்கெட்டு, இறங்கின இடத்தில் நோய்க்குப் பயந்து ஒதுக்கிவைக்கும் குவாரன்டைன் செலவு, உடம்பு தளர்ந்தவர்களைத் திருப்பி அனுப்பும் செலவு எல்லாம் இதிலிருந்தே போகிறது. கங்காணிக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் தனியே உண்டு. நோட்டு கேட்கிறவன் ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் வாங்கப் பார்க்கிறான்.

முதலில் அவன் லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள். எந்தத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறானோ அந்தத் தோட்டத்திலேயே குறைந்தது மூன்று மாதம் வேலை செய்தவனுக்குத்தான் லைசென்ஸ். லேபர் ஆபீஸ் கொடுத்து, கோலாலம்பூரிலுள்ள இந்திய சர்க்கார் ஏஜெண்டு பார்வையிட்டு, நாகப்பட்டினத்தில் பதிவாகியிருக்க வேண்டும். தோட்டத்தின் பேரும் அதில் இருக்கும், பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஆட்களைக் கிராம முன்சீப் முன்னே நிறுத்திக் கையெழுத்து வாங்கவேண்டும். முன்சீப்புக்குத் தெரியாமல் ராத்திரியில் ரயிலேற்றுகிறவனோடு போகவே கூடாது.

நம் ஜில்லாக்காரருக்கு நாகப்பட்டினம் டிப்போ; வடக்கே உள்ளவர்களுக்கு ஆவடி. டிப்போவில் ஏழு நாள் வைத்துப் பார்ப்பார்கள். அம்மை குத்துவார்கள், டாக்டர் பார்ப்பார். ஒரு குழந்தைக்குச் சுரம் என்றால் குடும்பமே பின்தங்கும். ஆகவே நோய்ப்பட்ட பிள்ளையோடு புறப்பட வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் கீழே தகப்பன் தாயோ காப்பாளரோ இல்லாமல் எடுக்கமாட்டார்கள். சில கங்காணிகள் உறவுமுறை சொல்லிக்கொடுத்து ஒப்பிக்கச் சொல்கிறார்கள். குடியேற்றப் பாதுகாவலர் கேள்வி கேட்கும்போது உள்ளதைச் சொல்வதே நல்லது, கடன் நோட்டு விஷயத்தையும் சேர்த்து.

ரஜூலா கப்பல் இரண்டு வருஷமாக ஓடுகிறது. தளத்துப் பிரயாணம்தான், கடல் நல்லபடியாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் பினாங்கு. எங்கள் பக்கம் வருகிறவர்கள் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கி, முகாமில் சில நாள் இருந்து தோட்டத்துக்கு வருவார்கள்.

சம்பளம் ரஸ்தா வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. நூறு காசு கொண்ட இவ்விடத்து வெள்ளி ஒன்றுக்கு நம் பணம் ஒன்றரை ரூபாய்க்குச் சற்று அதிகம். அதாவது ஆணுக்குப் பன்னிரண்டரை அணா, பெண்ணுக்குப் பத்தணா. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராத நாளுக்கு ஒன்றுமில்லை. மாதம் 24 பேர் விழுந்தால் 12 வெள்ளி. அரிசி சாமான் கழித்துத்தான் மிச்சம் பார்க்கவேண்டும். கங்காணி ரூபாய் ரூபாயாகச் சொல்வதைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். தன் ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளும் தலைக்கு 2 காசு அவனுக்குத் தலைக்காசு. இருபது ஆள் என்றால் 40 காசு, ஒரு பெண்ணின் நாள் கூலி. ஆட்களைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள அவன் கடனைத் தேடுவது இதற்காகத்தான்.

கண்டிச் சீமையான இலங்கையில், கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டம் போகலாம் என்கிற துண்டுச் சீட்டு ஒன்று இருந்து 1921-ல் எடுத்தார்களே, அதுமாதிரி இங்கே கிடையாது. ஒரு மாதம் நோட்டீஸ் கொடுத்தால் வேறிடம் போகலாம். வந்த ஒரு வருஷத்துக்குள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, சக்திக்கு மீறின வேலை, அநியாயமாக நடத்துகிறார்கள் என்று ஏஜெண்டுக்கு எழுதி, அது சரியென்று கண்டால் செலவில்லாமல் திருப்பி அனுப்புவார்கள். எழுதத் தெரிந்தவர் ஒருவராவது கூட்டத்தில் இருக்கட்டும்.

கங்காணியே வேண்டாமென்றால், விவசாயக் கூலிகள் நேரே டிப்போவுக்குப் போய்க் கேட்கலாம். அதற்கும் டிக்கெட்டு இனாம்தான். தலைக்காசுக்காரன் பிடியும் இராது. ஆனால் அவசரப்பட வேண்டாம். நவம்பரில் ரப்பர் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை எடுக்கப்போகிறார்கள் என்று சொன்னதிலிருந்து விலை இறங்கிக் கிடக்கிறது. விலை இறங்கினால் கமிட்டி முதலில் குறைப்பது லைசென்ஸைத்தான். தோட்டத்தின் பேரை எழுதினால் அங்கே ஆள் தேவையா, குடியிருக்கும் லயம், தண்ணீர் எப்படி என்று விசாரித்துப் பதில் போடுகிறேன். அதுவரை நாலு குடும்பமும் ஆடுமாட்டை விற்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்