'ஜூமா' பற்றி ஒரு மாற்றுக் கருத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் பேஸ் கிட்டார், அதாவது பாட்டுக்கு அடித்தளமாகக் கனத்த கீழ்ச்சுரங்களைத் தரும் கிட்டார், வாசித்த ஜான் பால் ஜோன்ஸின் முதல் தனி ஆல்பமான 'ஜூமா' பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1999இல் வந்த ஆல்பத்தை நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால், காலமெல்லாம் நிழலில் கிடந்தவர் 53 வயதில் ஒருவழியாக வெளிச்சத்துக்கு வந்தார் என்று கட்டுரையாளர் இரக்கப்படுவதுதான் பொருந்தவில்லை.

1968இல் அந்தக் குழு தொடங்குவதற்கு முன்பே, லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் பிறர் பாடல்களுக்கு இசைக்கோர்ப்பு எழுதிக் கொடுத்தவர் அவர். குழுவில் பேஸோடு கீபோர்டும் மாண்டலினும் அவர் பொறுப்பு. 1980இல் ட்ரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹம் இறந்து குழு கலைந்த பிறகும் சும்மா இருக்கவில்லை, ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவின் 1992 ஆல்பத்தில் சில பாடல்களுக்கு வயலின் பகுதிகளை எழுதினார். இவரா நிழலில் கிடந்தவர்?

'ஜூமா'வில் பாட்டுக் குரலே கிடையாது. பேஸ் கலைஞர்கள் விரல் வேகத்தைக் காட்டப் போடும் ஆல்பங்கள் எனக்கு இரண்டாவது பாட்டிலேயே சலித்துவிடும். இவர் வித்தை காட்டுவதில்லை. கனத்த ஒரு சுரக்கோவை திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் சற்றே இடம் மாறி உட்காருகிறது; பீட் தாமஸின் ட்ரம்ஸ் அதை விடாமல் துரத்துகிறது. ஓரிடத்தில் லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் வயலின்கள் நுழையும்போது பழைய இசைக்கோர்ப்பாளர் எட்டிப் பார்க்கிறார். கட்டுரையாளர் இதைச் செல்போனில் கேட்டாரோ என்னவோ! பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 முறை, அதிர்வது. செல்போன் ஸ்பீக்கருக்கு அந்த ஆழம் எட்டாது.

வட ஆற்காட்டில் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு, பின்னால் இருந்தே ஆட்டத்தைத் தாங்கும் கலைஞர்கள் புதிதல்ல. துரியோதனன் முன்னால் எவ்வளவு ஆடினாலும், பின்னால் அமர்ந்திருக்கும் பின்பாட்டுக்காரரும் மிருதங்கக்காரரும் பிடி தளர்த்தினால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். அவர்களைப் பார்த்து யாரும் பாவப்படுவதில்லை.

இரக்கம் காட்ட ஆள் வேண்டுமென்றால் எங்கள் பக்கம் வரட்டும். குடியாத்தம், ஆம்பூர் வட்டாரத் திருவிழாக் கச்சேரிகளில் முன்பெல்லாம் பேஸ் கிட்டாருக்கென்று ஓர் ஆள் கட்டாயம் இருப்பார். இப்போது பல குழுக்களில் ஒரு சம்பளத்தை மிச்சப்படுத்த, கீபோர்டு வாசிப்பவரின் இடது கையே அந்த வேலையையும் பார்க்கிறது. சில மேடைகளில் பதிவு செய்த ட்ராக் ஓடுகிறது. சுரம் பிசகுவதில்லைதான். ஆனால் தந்தியில் விரல் சறுக்கி அடுத்த சுரத்துக்குப் போகும் அந்த இழைவு இல்லாமல் இளையராஜா பாட்டைக் கேட்பது என்னால் ஆகாது.

வேலூர் மாவட்டத்தில் பேஸ் கிட்டாரை விற்றுவிட்டு வேறு தொழிலுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அடுத்த கட்டுரைக்கு அவர்களில் ஒருவரையாவது சந்தித்துப் பேட்டி எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்