குடியிருப்பவர் சாமானுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொருக்குப்பேட்டையில் மாடியில் நாங்கள் இருக்கிறோம். கீழே மூன்று போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறோம், வாசல் பக்கம் ஒரு தையல் கடை. மழைக்காலம் நெருங்குவதால் இதை எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கீழ் வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடக்கிறது, பிளைவுட் பீரோ உப்பிப்போய்க் கதவு திறக்க வரவில்லை. "அக்கா, நீங்க இன்சூரன்ஸ் கட்டுறீங்களே, எங்களுக்கும் ஏதாவது வருமா?" என்று அங்கே குடியிருக்கும் பெண் கேட்டாள். வராது. என் பாலிசி என் கட்டடத்துக்கும் அதோடு சேர்ந்த வயரிங், மோட்டார் வகையறாவுக்கும்தான். அவள் சாமானுக்கு அவள் பெயரில் பாலிசி இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களும் வீட்டுச் சாமானுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம் என்பதே எங்கள் தெருவில் பலருக்குப் புதுச் செய்தி. கடைசியில் அவள் கைக்கு வந்தது, ரேஷன் அட்டைக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாய்தான்.

2021 ஏப்ரலிலிருந்து 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டு பாலிசி நடைமுறையில் இருக்கிறது. நல்ல பாலிசிதான். தீ, புயல், வெள்ளம் எல்லாம் அடக்கம். மனை விலையைச் சேர்க்காமல் கட்டுமானச் செலவை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதால் எனக்கு ஒரு வருஷ பிரீமியம் ஒரு போர்ஷனின் ஒரு மாத வாடகையைத் தொடவில்லை. வெள்ளத்தால் வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போனால், அந்த நாட்களுக்கான வாடகை இழப்பையும் கேட்கலாம். ஆனால் சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பாலிசியைப் புரட்டிக் காட்டிய பிறகுதான் எழுதிக்கொண்டார். பாலிசி முழுக்க ஆங்கிலம். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், சமாளித்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் என்ன செய்வார்?

இன்னொன்று. சுவரில் உப்புப் பூத்து நாள்பட உதிர்வதைத் தேய்மானம் என்று தள்ளிவிடுவார்கள், அதற்கு வெள்ளையடிக்கும் செலவு நம் தலையில்தான். வாசலில் கடை இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீட்டு பாலிசியில் கடை சேராது, அதற்குத் தனி பாலிசி.

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸ் எவ்வளவு, கரண்ட் பில் யார் கட்டுவது என்றெல்லாம் அதில் எழுதுகிறோம். 'கட்டடக் காப்பீடு உரிமையாளருடையது, சாமான் காப்பீடு குடியிருப்பவருடையது' என்று ஒரு வரியையும் அரசே மாதிரிப் படிவத்தில் சேர்த்துவிட்டால், முன்பணம் கொடுக்கும் அன்றைக்கே விஷயம் தெரிந்துவிடும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், பாலிசியோடு தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் கொடுக்கும்படி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தட்டும். அப்புறம், தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை எடுத்துவிட்டார்கள். வெள்ளம் வரும் பகுதியில் வீட்டுக்கும் சாமானுக்கும் போடும் காப்பீட்டுக்கு மட்டும் இன்னும் 18 சதவீதம் எதற்கு?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொருக்குப்பேட்டை, சென்னை