உன் பெயரிலும் ஒரு பாஸ்

சாட்ஸ்வர்த், டர்பன்
புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். புரட்டாசி என்பதால் வீட்டில் கறியும் இல்லை, மீனும் இல்லை. சனிக்கிழமையானால் வடை, பாயசம் என்று அடுப்படியிலேயே பொழுது போய்விடுகிறது. முழங்கால் வலி இருந்த மாதிரியே இருக்கிறது. மற்றதைப் பிறகு சொல்கிறேன், நீ கேட்டதற்கு முதலில் வருகிறேன்.

மகள் அங்கே ஃப்ளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டு பூங்காவுக்கு மாதத் தவணையில் வருடப் பாஸ் எடுக்கப் போகிறாள், விளையாட்டுக்குப் போய்க் கடன் வாங்குவதா என்று மனசு கேட்கவில்லை, தடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். தடுக்காதே. ஆனால் அவள் போட்டிருக்கிற கணக்கை மட்டும் மாற்றிப் போடச் சொல்.

கடன் என்ற பயத்தை முதலில் விடு. ஃப்ளோரிடாவில் குடியிருப்பவர்களுக்கென்று டிஸ்னி வைத்திருக்கிற ஏற்பாடு அது. முன்பணம் கட்டிவிட்டு மீதியைப் பன்னிரண்டு மாதத்தில் கட்டலாம், வட்டி கிடையாது. கிரே ஸ்ட்ரீட்டில் தீபாவளிப் புடவையை லே-பை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, முழுசும் கட்டின பிறகு எடுத்தவர்கள்தானே நாம்? வெள்ளிக்கிழமை சம்பளக் கவரோடு நேரே கடைக்குப் போவோம். கடைக்காரர் அட்டையில் அன்றைய ரேண்டை எழுதி, முத்திரை குத்தி, நம் பெயர் ஒட்டின பொட்டலத்தை ஒரு தடவை இறக்கிக் காட்டிவிட்டு மறுபடி மேல்தட்டில் ஏற்றிவிடுவார். அதை நாம் கடன் என்று நினைத்ததே இல்லை.

ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது, அதை மகளுக்குச் சொல். லே-பையில் பாதியில் வேண்டாம் என்றால், ஏதோ கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதிப் பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். இங்கே 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே அதற்கு இடமிருக்கிறது. பாஸ் விஷயத்தில் பொருளை முதலிலேயே கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் போனாலும் போகாவிட்டாலும் கடைசித் தவணை வரை கட்டித்தான் ஆக வேண்டும். மாதாமாதம் கட்டுகிறோமே, பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம் என்று இளசுகள் நினைத்துவிடுகிறார்கள். கையெழுத்துப் போடுவது ஒரு வருஷத்து முழுப் பணத்துக்கு.

அப்படிக் கட்டினாலும் பாஸ் நல்லது என்றுதான் நினைக்கிறேன். 2004-இல் இங்கே உஷாக்கா நீர்ப்பூங்கா திறந்த புதிதில் நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோமே, நினைவிருக்கிறதா? டிக்கெட் காசு வீணாகக் கூடாது என்று காலையில் கதவு திறக்கும் முன்பே வரிசையில் நின்று, ஒரு சறுக்கு விடாமல் ஏறி இறங்கி, மத்தியானத்துக்குள் சின்னது வெயிலில் வாடி அழ, பெரியவர்களுக்குத் தலைவலி. ஒருநாள் டிக்கெட் அப்படித்தான் ஆட்டி வைக்கும். பாஸ் இருந்தால் சாயங்காலம் போய் ஒரு ராட்டினம் சுற்றி, ஊர்வலம் பார்த்து, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்துவிடலாம். கார் நிறுத்தக் காசும் பாஸோடு சேர்ந்துவிடும். சாப்பாட்டை மட்டும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போ. டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை உள்ளே இருக்கிற கடைகளில் விட்டுவிடாதே.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 2021 செப்டம்பரில் இந்தப் பாஸ்களை விற்க ஆரம்பித்தபோது மிகக் குறைந்தது 399 டாலர், உச்சம் 1,299 டாலர், வரி தனி. அதற்குப் பிறகு விலை ஏறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. மகள் பார்த்து வைத்திருப்பது குறைந்த விலைப் பாஸ், பிக்சி டஸ்ட் என்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு சனி, ஞாயிறு உள்ளே போக முடியாது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் மாதிரி கூட்டம் நெரிகிற விடுமுறைகளிலும் முடியாது. அவளும் மாப்பிள்ளையும் திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு ஓய்வு கிடைக்கிற நாளிலெல்லாம் அந்தப் பாஸ் செல்லாது. குறைந்த விலை என்று வாங்கி, மாதாமாதம் பணத்தைக் கட்டி, அட்டையை அலமாரியில் வைத்திருப்பார்கள். வார நாளில் வேலைக்குப் போகிற குடும்பத்துக்குத்தான் விலை குறைந்த பாஸ் வேண்டியிருக்கிறது, அவர்களுக்குத்தான் அது உதவவே இல்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபமாகவே வருகிறது.

அவள் எழுதின நாலு பாஸில் உன் பெயர் இல்லை என்பதையும் கவனித்தேன். அவள், மாப்பிள்ளை, இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பேத்தியை மூன்று மணிக்கு எதிர்கொண்டு அழைப்பது யார்? வார நாளில் கையில் நேரமும் கார் சாவியும் வைத்திருக்கிற ஒரே ஆள் நீதானே. பதினாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைத் துணையில்லாமல் உள்ளே விடமாட்டார்கள், துணையாகப் போகப் போவதும் நீதான். பாஸில் பிள்ளைக்கு ஒரு விலை பெரியவர்களுக்கு ஒரு விலை என்று கிடையாது, எல்லோருக்கும் ஒரே விலைதான். மூன்று வயது நிறையாத பிள்ளைக்கு டிக்கெட்டே வேண்டாம், உன் பேரனுக்கு ஜனவரி வரைக்கும் அந்தக் கவலை இல்லை. ஆக, இப்போதைக்குத் தேவை இரண்டே பாஸ், உனக்கும் பேத்திக்கும். மகளும் மாப்பிள்ளையும் ஒரு வார நாளில் லீவு போட்டு, அன்றைக்கு மட்டும் டிக்கெட் எடுத்து உங்களோடு வரட்டும். நாலு பாஸின் தவணை பாதியாகிவிடும். இதை நீயாகச் சொல்லக் கூச்சப்பட்டால் என் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டு.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொல். பன்னிரண்டாவது தவணைக்குப் பிறகு என்ன ஆகும் என்று அதில் எழுதியிருக்கும். இங்கே என் மகன் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து, ஒப்பந்தம் முடிந்து ஜோஹன்னஸ்பர்குக்கே மாறிப்போன பிறகும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கிற டெபிட் ஆர்டர் மாதாமாதம் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கும் வரை விடவில்லை.

உங்கள் ஃப்ளோரிடாவிலேயே சீ வேர்ல்ட் என்கிற பூங்கா நிறுவனத்தின் மேல் ஒரு வழக்கு நடந்தது. தவணையில் பாஸ் வாங்கினால் வருஷம் முடிந்ததும் தானாக நீளும், ஆனால் பன்னிரண்டு மாதத்துக்குள் பணம் கட்டி முடித்தவர்களுக்கு நீளாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். முதல் தவணையை வாங்கின அன்றைக்கே எடுத்துக்கொண்டதால், பன்னிரண்டாவது தவணை பதினோராவது மாதத்திலேயே முடிந்துவிடும். அப்படிக் கட்டி முடித்தவர்களுக்கும் பாஸை நீட்டி, பணத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். 2014-இல் போட்ட வழக்கு, 2020-இல் 11.5 மில்லியன் டாலர் தருவதாக ஒத்துக்கொண்ட பிறகுதான் தீர்ந்தது. நாற்பது வருஷம் கணக்குப் புத்தகம் எழுதினவள் நான், ஒரு மாதத்து இடைவெளி எவ்வளவு பெரிய தொகையாகும் என்று எனக்குத் தெரியும். டிஸ்னி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மகள் வாய்விட்டு வாசிக்கட்டும், நீயும் பக்கத்தில் உட்கார்ந்து கேள். கடைசித் தவணை நாளைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வை.

இன்னொன்று, பூங்காவே மூடிக்கிடந்தால்? 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக டிஸ்னி வேர்ல்டை மூடினார்கள், ஜூலையில்தான் திறந்தார்கள். மூடின பிறகும் கொஞ்ச நாள் தவணை ஓடியது. பாஸ்காரர்கள் சத்தம் போட்டார்கள். ஏப்ரலில் தவணையை நிறுத்தி, மூடின பிறகு பிடித்ததைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். சத்தம் போட்டால்தான் நடக்கும் என்றில்லாமல், மூடிக்கிடக்கிற நாளுக்குத் தவணை கிடையாது என்று தாளில் எழுதியிருக்கிறதா என்று பார்.

உனக்கென்று ஒரு பாஸ் எடு என்று நான் அழுத்திச் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது. நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கடற்கரையில் இருந்த குளமும் ராட்டினமும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும். உன் அப்பா நம்மைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகும்போது ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போவோம், எதுவும் கேட்க மாட்டோம். 1989-இல் டர்பன் கடற்கரை எல்லோருக்கும் பொதுவானபோது நமக்குப் பிள்ளைகளே பிறந்து ஓடிக்கொண்டிருந்தன, அவர்களுக்குத்தான் டிக்கெட் எடுத்தோம். பிள்ளைகளின் பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பதே நமக்குப் பழகிவிட்டது. இப்போது உன் பெயரில் எடுத்த பாஸைக் காட்டி உள்ளே போ, பேத்தியோடு நீயும் ஏறு. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை.

இங்கே தீபாவளிக்குப் பலகாரச் சீட்டு சேர்ந்திருக்கிறோம், எனக்கு முறுக்கு விழுந்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை கோவிலுக்குப் போகிறேன். உன் பெயரிலும், பேரப்பிள்ளைகள் பெயரிலும் அர்ச்சனை செய்கிறேன். பேத்தியின் நட்சத்திரம் மறந்துவிட்டது, உடனே எழுது. மகள் எத்தனை பாஸ் எடுத்தாள் என்பதையும் அதிலேயே சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பழைய தோழி