உன் ஹெட்போன் என்னிடம்தான் இருக்கிறது

அன்புள்ள மகளுக்கு,

"இப்போதெல்லாம் நல்ல இசை எங்கேம்மா வருகிறது? நான் கல்லூரியில் கேட்டதோடு சரி" என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னாய். நான் வாயைத் திறக்கவில்லை. நீ பதினாறு வயதில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிட்டாரை அலறவிட்டபோது இதே வசனத்தைத்தான் நான் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பது வயதாவதற்குள் நீ என் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டால் நான் எங்கே போவது?

நீ விட்டுப்போன ஹெட்போனை மூன்று ஆண்டுகளாக நான்தான் மாட்டிக்கொள்கிறேன். இடது காதுப் பஞ்சு கிழிந்தது என் கைவேலை, மன்னித்துக்கொள்.

போர்டிஸ்ஹெட் என்ற பெயரை எனக்குச் சொல்லித்தந்தவள் நீ. அந்தக் குழுவில் பாடிய பெத் கிப்பன்ஸ் 2024 மே மாதம் 'லைவ்ஸ் அவுட்குரோன்' என்ற முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டது உனக்குத் தெரியுமா? பத்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டு செய்தது. வயதாவதையும், நெருங்கியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்வதையும் பாடுகிறார். குரலில் நடுக்கம் இருக்கிறது. அதை மறைக்க அவர் மெனக்கெடவில்லை. உனக்கு இப்போது பாதிதான் புரியும். பரவாயில்லை, மீதிக்கு அவசரமில்லை.

அழுகை வேண்டாமென்றால் கிம் கார்டன். சோனிக் யூத் என்ற ராக் குழுவில் இருந்தவர், 'தி கலெக்டிவ்' ஆல்பம் வெளிவந்த 2024 மார்ச்சில் அவருக்கு எழுபது வயது. காது கிழியும் பேஸ் ஒலி, நொறுங்கும் கிட்டார், அதன்மேல் ஏதோ அலுப்பில் பேசுவதுபோல அவர் குரல். முதல் பாட்டு என்ன தெரியுமா? பயணத்துக்கு எடுத்துவைக்க வேண்டிய பொருள்களின் பட்டியல். உடுப்பு, செருப்பு, மாத்திரை என்று அடுக்கிக்கொண்டே போகிறார், அவ்வளவுதான். நீ கிளம்பிய அன்று உன் பெட்டிக்குள் நான் ஒட்டிவைத்த சீட்டு நினைவுக்கு வந்தது. அதற்கு இப்படி ஒரு தாளம் போட்டுத் தந்திருந்தால், நீ சார்ஜரை மறந்திருக்க மாட்டாய்.

மின்னணு இசையைப் பற்றி நீ பிரசங்கம் செய்தபோதெல்லாம், "எல்லாம் ஒரே தும் தும்" என்று நான் மறித்தேன் அல்லவா? அந்தத் தும் தும்மை எடுத்தெறிந்த ஒருவரை இப்போது கண்டுபிடித்திருக்கிறேன். பார்க்கர் என்ற பெயரில் இசைப்பவர்; பெர்லினின் பெர்க்ஹைன் கிளப்பில் வாசித்துப் பழகியவர். டெக்னோ என்ற மின்னணு நடன இசை என்றால் நிமிடத்துக்கு 120, 140 முறை கிக் டிரம் என்ற கனத்த டிரம் இடிக்க வேண்டும். 2019 இல் வந்த அவருடைய 'யுடிலிட்டி' ஆல்பத்தில் அந்த இடியே கிடையாது. அது விழவேண்டிய இடம் காலியாக இருக்கிறது. சுற்றியுள்ள சின்தசைசர் ஒலிகள் அந்தக் காலியிடத்தைச் சுற்றி வளைந்து நெளிந்து ஓடுகின்றன. இல்லாத அடிக்கு என் கால் தாளம் போட்டது! என் வாயை அடைத்த ஆல்பம் அது. அதைக் கேட்டுவிட்டு 2025 இல் வந்த 'ஸ்டோகாஸ்டிக் டிரிஃப்ட்'டுக்குப் போ. வரிசையை மாற்றாதே, முந்தையதைக் கேட்டால்தான் பிந்தையதில் அவர் எவ்வளவு தளர்த்திவிட்டிருக்கிறார் என்பது பிடிபடும்.

பட்டியலைக் கலைத்துப் போட்டுக் கேட்கும் உன் பழக்கத்துக்கு மருந்து சிண்டி லீயின் 'டைமண்ட் ஜூபிலி'. முப்பத்திரண்டு பாடல்கள், இரண்டு மணி நேரம். 2024 இல் வெளியானபோது ஸ்ட்ரீமிங் செயலி எதிலும் வரவில்லை. யூடியூபில் ஒரே நீளக் காணொளியாக இருந்தது. பாட்டைத் தாண்டிப் போக வழியில்லாமல் கேட்டேன். நள்ளிரவில் எங்கோ தொலைவிலிருந்து வரும் பழைய வானொலி போலிருக்கிறது. நடுவில் இருபது நிமிடம் தூங்கிவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இளையவர்களில் கீஸ் குழுவின் 'கெட்டிங் கில்ட்' (2025). புரூக்ளினில் பள்ளித் தோழர்களாகச் சேர்ந்தவர்கள். முதல் பாட்டில் அவர்களுடைய பாடகன் கத்திய கத்தலில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து நானே தேடிப்போய் மாட்டிக்கொண்டேன். உனக்குப் பிடிக்காமல் போனால், வயதாகிவிட்டது உனக்குத்தான்.

கடைசியாக ஷெல்லாக். நிர்வாணா என்ற ராக் குழுவின் 1993 ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்த ஸ்டீவ் ஆல்பினியின் குழு. அந்த வேலைக்கு ராயல்டி என்ற விற்பனைப் பங்கு வேண்டாம், குழாய் பழுதுபார்ப்பவருக்குத் தருவதுபோல் செய்த வேலைக்குக் கூலி தந்தால் போதும் என்று அவர்களுக்குக் கடிதம் எழுதியவர். முந்தைய ஆல்பத்துக்குப் பத்து ஆண்டுகள் கழித்து ஷெல்லாக்கின் அடுத்த ஆல்பம் 'டு ஆல் டிரெயின்ஸ்' 2024 மே 17 அன்று வந்தது. அதற்குப் பத்து நாள் முன்பு ஆல்பினி மாரடைப்பில் இறந்துபோனார். அறுபத்தொரு வயது. ஆனால் அது இரங்கல் இசை அல்ல. மூன்று பேர் ஓர் அறையில் நின்று முகத்துக்கு நேரே வாசிக்கிறார்கள், நடுநடுவே நக்கல் வேறு.

அந்த ஆல்பம் மொத்தமே 28 நிமிடம். நேரமில்லை என்று நீ சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை அழைப்பேன். "கேட்கிறேன்மா" என்ற பதில் வேண்டாம். எந்தப் பாட்டில் நிறுத்தினாய் என்று சொல்.

அன்புடன்,
அம்மா